ரெண்டு விரல் வச்சுப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதுமா?

நீட் தேர்வை நடத்துற அதிகாரிகளுக்கும், அந்த மார்க்குதான் திறமைன்னு மேடைக்கு மேடை பேசுறவங்களுக்கும்,

நான் 29 வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளிகள்ல பிசிக்ஸ் எடுத்தவ. புதுக்கோட்டை மாவட்டம், பெரும்பாலும் தமிழ் மீடியம் கிளாஸ்தான். இப்ப ரிட்டயர் ஆயாச்சு, மெமோ வரும்ங்கிற பயம் இல்ல, அதான் எழுதுறேன். சனி ஞாயிறு எங்க வீட்டுத் திண்ணையில ஏழெட்டு பிள்ளைங்களுக்கு நீட்டுக்கு சொல்லிக் குடுக்குறேன், காசு வாங்குறது இல்ல, அதையும் இங்கயே சொல்லிடுறேன், இல்லன்னா கோச்சிங் வியாபாரத்துக்காக கத்துறா இந்தம்மான்னு யாராவது கிளம்புவாங்க.

2025 ஜனவரியில நீங்க ஒரு அறிவிப்பு விட்டீங்க. அதுவரைக்கும் 200 கேள்வி இருக்கும், அதுல 180-க்கு விடை எழுதினா போதும், 200 நிமிஷம். இனிமே 180 கேள்வி, எல்லாமே கட்டாயம், 180 நிமிஷம், கொரோனாவுக்கு முன்னாடி இருந்த முறைக்கே திரும்பிட்டோம்னு சொன்னீங்க. பேப்பர்ல உள் பக்கத்துல சின்னதா ஒரு பத்தி. டிவியில அரை நாள்கூட ஓடல. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏன்னு கேக்கலாம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், அப்பவும் அதே கணக்கு இப்பவும் அதே கணக்குதானேன்னு. இல்லைங்க. அப்ப ஒவ்வொரு பாடத்துலயும் பி பகுதியில 15 கேள்வி இருக்கும், 10 போட்டா போதும். எங்க பிள்ளைங்க என்ன பண்ணுவாங்கன்னா, பாதிப் பக்கத்துக்கு நீண்டு கிடக்கிற கேள்வியைப் படிக்காமலே தாண்டிடுவாங்க. பாத்த உடனே தெரியும், இது நமக்கு நேரத்தைத் தின்னும்னு. அப்படி மிச்சம் பிடிச்ச நேரத்துலதான் மத்ததை முடிப்பாங்க. நீங்க 20 நிமிஷத்தை மட்டும் எடுக்கல, தாண்டிப் போற உரிமையையும் சேத்து எடுத்துட்டீங்க.

தமிழ் மீடியம் பிள்ளை நீட் தாளை எப்படிப் படிக்குதுன்னு நீங்க பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். தாள்ல தமிழ்லயும் கேள்வி இருக்கும், இங்கிலீஷ்லயும் இருக்கும். என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, ப்ளஸ் டூ-ல பிசிக்ஸ்ல 97, மாடல் டெஸ்ட் எழுத உக்காந்தான்னா இடது கை ஆள்காட்டி விரல் தமிழ் வரி மேல, வலது கையில பேனாவைப் பிடிச்சுக்கிட்டே சுண்டு விரல் இங்கிலீஷ் வரி மேல. ரெண்டு விரலும் சேந்து நகரும். தமிழ்ல ஒரு வரி, இங்கிலீஷ்ல அதே வரி, திரும்பத் தமிழ்ல அடுத்த வரி. ஏம்மா, தமிழ்லயே படிச்சுட்டுப் போயேன், உனக்குத் தெரிஞ்ச பாஷைதானேன்னு கேட்டேன். "மிஸ், தமிழ்ல தப்பா இருந்தா இங்கிலீஷ்தான் செல்லும்னு போட்ருக்காங்கல்ல, பாக்காம எப்படி மிஸ் போடுறது"ன்னா.

அவ சொன்னது சரிதான். உங்க விதியே அது. மொழிபெயர்ப்புல ஏதாவது குழப்பம் வந்தா இங்கிலீஷ்ல உள்ளதுதான் இறுதி. விதியை எழுதினவங்களுக்கு அது ஒரு வரி. எழுதுற பிள்ளைக்கு அது 180 தடவை சரிபார்க்குற வேலை. தமிழ்ல எழுதலாம்னு அனுமதி குடுத்துட்டு, ஆனா தமிழை நம்பாதேன்னும் நீங்களே சொல்றீங்க. பிறகு எப்படி அந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்துல ஒரு கேள்வியை முடிக்கும்?

சும்மா பயந்து சாகுறாங்கன்னும் சொல்ல முடியாது. 2018 தாள் ஞாபகம் இருக்கா? அப்ப நடத்தினது சிபிஎஸ்இ. தமிழ்த் தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புத் தப்புன்னு அப்ப மார்க்சிஸ்ட் எம்.பி.யா இருந்த டி.கே.ரங்கராஜன் வழக்குப் போட்டாரு, ஐகோர்ட் மதுரைக் கிளை கேள்விக்கு 4 மார்க்கு வீதம் 196 மார்க்கு குடுக்கச் சொல்லுச்சு. சுப்ரீம் கோர்ட் தடை போட்டு, பின்னாடி அந்தத் தீர்ப்பை ரத்தும் பண்ணிருச்சு. 196 மார்க்கை எல்லாருக்கும் அப்படியே அள்ளிக் குடுக்குறது சரியான்னு கேட்டா எனக்கும் சந்தேகம்தான், அதை இங்க வாதாட வரல. ஆனா சிறுத்தைங்கிற இடத்துல "சீத்தா"ன்னு அச்சடிச்ச தாளை வச்சுக்கிட்டு ஒரு பதினேழு வயசுப் பிள்ளை சீத்தாப்பழமா மிருகமான்னு முழிச்ச நேரத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரல. அந்தக் கதை இன்னைக்கு வரைக்கும் அக்காகிட்ட இருந்து தங்கச்சிக்கு, சீனியர்கிட்ட இருந்து ஜூனியருக்கு வந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு விரல் பழக்கம் அங்க இருந்து வந்ததுதான்.

சொல் பிரச்சினை வேற. இங்கிலீஷ்ல டார்க் (torque)-னு சொல்றது எங்க பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துல திருப்பு விசைன்னு இருக்கும். வெளியில ஒரு கோச்சிங்காரங்க போட்ட தமிழ் மாடல் தாள்ல அதையே முறுக்கு விசைன்னு போட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு அதுலயே நின்னுட்டா. "மிஸ், இது அதுவா, இல்ல வேறயா?" டார்க்தான்டின்னு நான் சொல்லிட்டேன், திண்ணையில நான் இருக்கேன் சொல்ல. பரீட்சை ஹால்ல யார் இருக்கா? திருப்பு விசையை அவ மாதிரி விளக்குறதுக்கு என் 29 வருஷத்துல நாலஞ்சு பேர்தான் இருந்திருப்பாங்க. வீட்டுக் கதவை கீல் பக்கத்துல தள்ளினா ஏன் நகரல, கைப்பிடிகிட்ட தள்ளினா ஏன் லேசா திறக்குதுன்னு எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அவ சொல்லிக் குடுத்ததை நான் காதால கேட்டேன். அந்த அறிவு ஒரு சொல்லு மாறினதால அரை நிமிஷம் பூட்டிக்கிச்சு. நீங்க அளந்தது எதை, திருப்பு விசையையா, அகராதியையா?

2025 மே 4, ஞாயித்துக்கிழமை. மத்தியானம் 2 மணிக்கு ஆரம்பிச்சு 5 மணி வரைக்கும். அந்த வருஷ பிசிக்ஸ் எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், வாத்தியாருங்களே தாளைப் பாத்துட்டு உக்காந்துட்டோம். வெளிய வந்த அந்தப் பொண்ணு அழல, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. கையில கடிகாரம் கட்டக் கூடாதுல்ல உங்க விதிப்படி, ஹால்ல இருந்த சுவர்க் கடிகாரம் அவளுக்குப் பின்னாடி இருந்திருக்கு, திரும்பிப் பாத்தா காப்பி அடிக்கிறதா நினைச்சுருவாங்கன்னு பாக்கவே இல்லயாம். மணி அடிச்சு நேரம் சொன்னாங்களே, அது போதாதான்னு கேட்டேன். "அது அடிச்ச பிறகுதான் மிஸ் தெரியும்"ங்குறா.

அவ விடைத்தாள் கணக்கு இது. பயாலஜியில ஆரம்பிச்சா, எல்லாரும் அப்படித்தான். பயாலஜி 90-ல விட்டது 15. கெமிஸ்ட்ரி 45-ல விட்டது 27. பிசிக்ஸ் 45-ல விட்டது 34. மொத்தம் 76 கேள்வி வெள்ளையா கிடந்துச்சு. போட்ட 104-ல 83 சரி, 21 தப்பு, சரிக்கு நாலு கூட்டி தப்புக்கு ஒண்ணு கழிச்சா 311 மார்க்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளைத் திண்ணையில உக்கார வச்சேன். விடை எதுவும் இன்னும் பாக்கல அவ. வீட்டுக்குக் கொண்டு வந்த அதே கேள்வித்தாள், அவ தொடாம விட்ட அந்த 34 பிசிக்ஸ் கேள்வி மட்டும். புத்தகம் கிடையாது, போன் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. இருட்டுற வரைக்கும் போட்டா, நடுவுல ஒரு டீ. பின்னாடி விடைக் குறிப்பு வந்ததும் ஒப்பிட்டுப் பாத்தோம். 25 போட்டிருந்தா, அதுல 19 சரி. உங்க கணக்குப்படியே கழிச்சா கூட 70 மார்க்கு. 311-க்கும் 381-க்கும் நடுவுல எத்தனை ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு என்னை விட உங்களுக்குத் தெரியும்.

நேரம் குடுத்தா யாருதான் கூடப் போட மாட்டாங்கன்னு இங்க ஒருத்தர் கேப்பாரு. நானும் கேட்டுக்கிட்டேன். அதனால அதே ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச ஒரு பையனையும் அதே மாதிரி உக்கார வச்சேன், ப்ளஸ் டூ-ல அவளை விட ஆறேழு மார்க்கு கம்மி. அவன் பிசிக்ஸ்ல விட்டதே 12 கேள்விதான். அந்தப் பன்னெண்டுல நிதானமா போட்டும் மூணுதான் சரியா வந்துச்சு. அவன் விட்டது தெரியாம. இவ விட்டது கைக்கு எட்டாம. விடைத்தாள் வட்டத்தைத் திருத்துற உங்க ஓஎம்ஆர் மெஷினுக்கு ரெண்டு வட்டமும் ஒரே வெள்ளைதான்.

ரெண்டு பிள்ளைங்களை வச்சு நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது, அது எனக்குத் தெரியும், ஆய்வுக்கூடத்துல ஊசல் நேரத்தைக் கூட மூணு தடவை எடுத்து சராசரி போடச் சொல்லிக் குடுத்தவ நான். ஆனா பல லட்சம் விடைத்தாள் உங்க கையில இருக்கு. எந்த பாஷையில எழுதினவங்க எத்தனை கேள்வியைத் தொடாம விட்டாங்க, தாளோட கடைசியில விட்டாங்களா நடுவுல விட்டாங்களான்னு ஒரு கிளிக்ல எடுத்துரலாம். எடுத்து ஏன் வெளிய வைக்க மாட்டேங்குறீங்க?

நேரத்துக்கு மார்க்கு மதிப்பு இல்லன்னு நீங்க சொல்லவும் முடியாது, ஏன்னா 2024-ல நீங்களே அதுக்கு விலை போட்டுக் குடுத்துட்டீங்க. சில சென்டர்ல நேரம் வீணாப் போச்சுன்னு 1563 பேருக்கு கருணை மார்க்கு போட்டீங்களே. நாலு நாலா கூட்டி ஒண்ணு ஒண்ணா கழிக்கிற பரீட்சையில 718, 719-னு வரவே வராத மார்க்கெல்லாம் வந்து, ஊர் சிரிச்சு, கோர்ட் வரைக்கும் போயி, கடைசியில அதை வாபஸ் வாங்கி அவங்களுக்கு ஜூன் 23-ல மறுதேர்வு வச்சீங்க. வாபஸ் வாங்கினது வேற விஷயம். நிமிஷம் போனா மார்க்கு போகும்னு நீங்க ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். அங்க தாள் மாத்திக் குடுத்ததால, லேட்டா குடுத்ததால நேரம் போச்சு. இங்க ஒவ்வொரு கேள்வியிலயும் கொஞ்சம் கொஞ்சமா போகுது, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே வருஷம் இன்னொண்ணு நடந்துச்சு, அது எங்க மாதிரி ஊர்ல ரொம்ப வலிச்சது. பிசிக்ஸ்ல அணு பத்தி ஒரு கேள்வி. என்சிஇஆர்டிங்கிற மத்தியப் பாடப்புத்தகத்தோட பழைய பதிப்புப்படி ஒரு விடை, புதுப் பதிப்புப்படி வேற விடை. முதல்ல ரெண்டுக்குமே மார்க்கு குடுத்தீங்க, பிறகு சுப்ரீம் கோர்ட் ஐஐடி டெல்லி நிபுணர்களைக் கேட்டு ஒரே விடைதான் சரின்னு ஆச்சு, நாலு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களுக்கு 5 மார்க்கு இறங்குச்சு, ஃபுல் மார்க்கு எடுத்தவங்க 67 பேர்னு ஆரம்பிச்சது 17-ல வந்து நின்னுச்சு. அறிவியல்படி அந்த முடிவு சரிதான், நானும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா பழைய பதிப்பை யார் வச்சிருப்பாங்கன்னு யோசிச்சீங்களா? அக்கா படிச்ச புத்தகம், பக்கத்து வீட்டுப் பையன் குடுத்த புத்தகம், பழைய புத்தகக் கடையில பாதி விலைக்கு வாங்கினது. எங்க திண்ணையில கிடக்கிற என்சிஇஆர்டி அத்தனையும் அப்படி வந்ததுதான், ஒண்ணுல முதல் பதினாறு பக்கமே இல்ல.

இப்ப வேகத்தைப் பத்தி. டாக்டர்னா சீக்கிரம் முடிவு எடுக்கணும்ல, அதைத்தான் சோதிக்கிறோம்னு ஒருத்தர் டிவியில சொன்னாரு. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற கிழவி "நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுது, கிறுகிறுன்னு வருது"ன்னுதான் சொல்லும். அதைக் கேட்ட நொடியில புரிஞ்சுக்கிறது எந்தப் பிள்ளைன்னு நினைக்கிறீங்க? அந்த வேகத்துக்கு உங்க தாள்ல இடம் இல்ல. உங்க தாள்ல உள்ள வேகம் காசு குடுத்தா வர்ற வேகம். ஒரு வருஷம் வீட்ல இருந்து, லட்சக்கணக்குல கட்டி, தினம் ஒரு மாடல் டெஸ்ட் எழுதி, கேள்வியோட முகத்தைப் பாத்தே எதைத் தொடணும் எதை விடணும்னு கைப் பழக்கம் ஆக்கிக்கிறது. நீட் பாதிப்பை ஆராய தமிழ்நாடு அரசு போட்ட நீதிபதி ஏ.கே.ராஜன் கமிட்டி 2021-ல குடுத்த அறிக்கையில இருக்கே, தமிழ்நாட்டுல மெடிக்கல்ல சேர்ந்தவங்கள்ல திரும்ப எழுதி வந்தவங்க 2016-17-ல 12.47 சதவீதம், 2020-21-ல 71.42 சதவீதம். தமிழ் மீடியம் பிள்ளைங்க நீட்டுக்கு முன்னாடி பதினாலு சதவீதத்துக்கு மேல இருந்தாங்க, ரெண்டு சதவீதத்துக்குக் கீழ போயிட்டாங்க. நாலஞ்சு வருஷத்துல எங்க பிள்ளைங்க மூளை சுருங்கிப் போச்சா? அதே ஊர், அதே வாத்தியார், அதே பிள்ளைங்கதான்.

ஒரு உண்மையையும் சொல்லிடணும், இல்லன்னா என் மனசு கேக்காது. முன்னாடி இருந்த ப்ளஸ் டூ மார்க்கு முறை ஒண்ணும் தங்கம் இல்ல. கோழிப்பண்ணை ஸ்கூல்னு சொல்வோமே, அங்க பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தையே தூக்கிப் போட்டுட்டு ரெண்டு வருஷமும் பன்னெண்டாம் வகுப்பையே உருப் போட வச்சாங்க, அப்படி வந்து 200-க்கு 200 வாங்கினவங்க நிறைய. அதனால நீட் வேணுமா வேண்டாமாங்கிற பெரிய சண்டையை நான் இந்த மடல்ல எடுக்கல. வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து, ஆனா எங்க சட்டமன்றம் ரெண்டு தடவை நிறைவேத்தின நீட் விலக்கு மசோதாவுக்கே ஜனாதிபதி ஒப்புதல் இல்லன்னு 2025 ஏப்ரல்ல வந்துருச்சு, ஒரு ரிட்டயர்டு டீச்சர் கடுதாசிக்கா அசைஞ்சு குடுக்கப் போறீங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கேன்னும் ஒருத்தர் சொல்வாரு. இருக்கு, 2020-ல இருந்து இருக்கு, அதனால எங்க பக்கத்துல சில வீட்ல முதல் டாக்டர் வந்திருக்காங்க, அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா அது மாநிலம் போட்ட மருந்து. காயம் உங்க தாள்ல இருக்கு.

நான் கேக்குறது இதுதான்.

இங்கிலீஷ் தவிர வேற பாஷையில எழுதுற எல்லாருக்கும் கூடுதல் நேரம் குடுங்க. தமிழுக்கு மட்டும் கேக்கல, வங்காளிப் பிள்ளையும் ஒடியாப் பிள்ளையும் ரெண்டு விரல் வச்சுத்தான் படிக்கும். அரை மணி நேரம் கேக்குறேன். முடியாதுன்னா எடுத்த 20 நிமிஷத்தையாவது எல்லாருக்கும் திருப்பிக் குடுங்க, முன்னாடி குடுத்துக்கிட்டு இருந்ததுதானே.

இங்கிலீஷ்தான் இறுதிங்கிற வரியை எடுங்க. தமிழ்த் தாள்ல தப்பு இருந்தா அது உங்க தப்பு, அந்தத் தமிழைப் படிச்சுப் போட்ட விடையையும் ஏத்துக்கணும். இல்ல அந்தக் கேள்வியையே தமிழ்ல எழுதினவங்களுக்கு மதிப்பீட்டுல இருந்து நீக்கி, மத்த கேள்வியை வச்சு சரிசமமா கணக்குப் போடுங்க, அதுக்கான கணக்கு உங்களுக்குத் தெரியாததில்ல.

தமிழ் மொழிபெயர்ப்பை எங்க பாடநூல் கலைச்சொல்லை வச்சுப் பண்ணுங்க. எங்க பிசிக்ஸ் புத்தகத்துலயே கடைசியில பட்டியல் இருக்கு, தேடி அலைய வேண்டாம். தாள் தயாரிக்கிற இடத்துல தமிழ் மீடியத்துல பாடம் எடுத்த ஆசிரியர் ரெண்டு பேரையாவது உக்கார வைங்க.

விடைக் குறிப்புல தப்புன்னு முறையிட கேள்விக்கு 200 ரூபா வாங்குறீங்க, திருப்பித் தர்றதும் இல்ல. மொழிபெயர்ப்புத் தப்பு பத்தின முறையீட்டுக்கு அந்தக் காசை வாங்காதீங்க. நீங்க பண்ணின தப்பைச் சுட்டிக் காட்ட, நூறு நாள் வேலைக்குப் போற அம்மா எதுக்கு 200 ரூபா கட்டணும்?

2017-ல இருந்து ஒவ்வொரு வருஷமும், பாஷைவாரியா, பாடவாரியா எத்தனை கேள்வி தொடாம விடப்பட்டுச்சுங்கிற கணக்கை வெளியிடுங்க. பேர் வேண்டாம், நம்பர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். நான் நினைக்கிறது தப்புன்னு அந்தக் கணக்கு காட்டுச்சுன்னா இதே மாதிரி ஒரு மடல்ல என் தப்பை நானே எழுதுறேன்.

அப்புறம் அந்த சுவர்க் கடிகாரத்தை பிள்ளைங்க முகத்துக்கு நேரா மாட்டச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு திரும்ப எழுதப் போறா. கடிகாரத்தை இடம் மாத்துறதுக்கு கமிட்டி எதுவும் போட வேண்டியதில்ல, ஒரு ஆணி போதும்.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர்,
புதுக்கோட்டை மாவட்டம்